காரைச் செடியும் கோடிக்கரைக் காடும்

காவிரிக் கழிமுகக் கடற்கரையில், நான்கு பக்கமும் தமிழ்நாட்டு எல்லையும் கடலும் சூழ ஏறத்தாழ 160 சதுர கிலோமீட்டர் பரப்பில் அமைந்த காரைக்கால் பகுதியில், காடு என்று சொல்லத்தக்க நிலம் இல்லை. 1739இல் தஞ்சை மராட்டிய அரசிடமிருந்து பிரெஞ்சுக் கும்பினி இவ்வூரைப் பெற்றபோது நாடியது அரசலாற்று முகத்துவாரத்துத் துறையையும் வண்டல் வயல்களையுமே; 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்திய அரசின் கைக்கு மாறும் வரையில் அக்கணக்கில் புதர்நிலத்துக்கு இடம் இருக்கவில்லை. ஆயினும் ஊரின் பெயரிலேயே ஒரு புதர் ஒளிந்திருக்கலாம். ‘கால்’ என்பது வாய்க்கால். ‘காரை’ என்பதைச் சுண்ணாம்புச் சாந்து என்று கொள்வாரும் உண்டு, முள் நிறைந்த காரைச் செடி என்று கொள்வாரும் உண்டு. இரண்டாவது விளக்கத்தின் பக்கம் மனம் சாய்வதற்கு இவ்வூரில் பிறந்த பெண் ஒருவரே காரணம். ஆறாம் நூற்றாண்டை ஒட்டியவராகக் கருதப்படும் காரைக்கால் அம்மையார், திருவாலங்காட்டுச் சுடலையைப் பாடிய மூத்த திருப்பதிகத்தில் கள்ளி, எட்டி, சூரை, காரை எனச் செடிகளைப் பெயர் சொல்லியே அடுக்குகிறார். வணிகர் மனையில் வளர்ந்த ஒருவர் முட்காட்டை இத்தனை நுணுக்கமாக அறிந்திருந்தார் என்பது பக்தி இலக்கிய ஆய்வுகள் போதிய கவனம் செலுத்தாத செய்தி.

அத்தகைய காட்டைக் கழிமுகத்துக்காரர் இன்று கண்ணால் காண வேண்டுமாயின், காரைக்காலிலிருந்து நாகப்பட்டினம், வேதாரண்யம் வழியாகத் தெற்கே எழுபது எண்பது கிலோமீட்டர் சென்று, சோழமண்டலக் கரை சட்டென மேற்கே முறியும் மூலையை அடைய வேண்டும். ‘கோடி’ என்றால் முனை, கடைசி. அம்மூலை கோடிக்கரை அல்லது கோடியக்கரை எனப்படுகிறது. வேதாரண்யத்தின் பழம்பெயரான மறைக்காடு என்பதிலும் காடு இருக்கிறது. இங்குள்ளது வறண்ட பசுமைமாறாக் காடு என்னும் வகை. அதாவது, ஐப்பசி கார்த்திகை மழையை நம்பி, ஆண்டின் பெரும்பகுதி வறட்சியைத் தாங்கியும் இலையை முழுவதும் உதிர்க்காமல், தடித்த சிற்றிலைகளோடு நிற்கும் குட்டைக்காடு. மணல்மேட்டில் பாலை மரமும், அதன் அடியில் காரை, சூரை, கிளா முதலிய முட்புதர்களும் பின்னிக் கிடக்க, இடையிடையே புல்வெளியும் உவர்ச்சேறும் விரிகின்றன. நெல்லுக்கு உதவாத மணல், உப்புக்கும் உதவாத மேடு என்பதாலேயே இது பிழைத்தது எனல் மிகையாகாது. சுற்றிலும் உதவிய நிலமெல்லாம் ஒன்று வயலாயிற்று, அன்றேல் உப்பளமாயிற்று. 1930இல் திருச்சியிலிருந்து இராஜாஜி நடத்திவந்த உப்பு யாத்திரை முடிந்த அகத்தியம்பள்ளி இக்காட்டின் வாசலில்தான் உள்ளது.

இக்காட்டைப் பார்க்க வந்தோரின் வரலாறு நெடியது. ஆனால் ஒவ்வொரு காலத்தவரும் பார்த்தது வேறு. எட்டாம் நூற்றாண்டினராகக் கொள்ளப்படும் சுந்தரர், சேரமான் பெருமாளுடன் வந்து கோடிக்குழகர் கோயிலில் பாடிய பதிகத்தில், கடற்காற்று அறையும் கரையில், அக்கம்பக்கத்தில் குடியில்லாத காட்டில், பொந்துகளிலிருந்து ஆந்தையும் கூகையும் குழறக் கேட்டுக்கொண்டு இறைவன் ஏன் தனித்திருக்கிறான் என்று வருந்துகிறார். பக்திப் பாடல் என்பதை ஒதுக்கிவிட்டு நோக்கினால், இது இவ்விடத்தின் பறவைகளைப் பற்றி எஞ்சியிருக்கும் பழைய நேர்க்குறிப்புகளுள் ஒன்று. அவர் அஞ்சிய தனிமையைத் தேடியே இன்றைய வருகையாளர் பேருந்து ஏறுகிறார்.

யாத்திரிகர்கள் காட்டைக் கடந்து சென்றனரே தவிரக் காட்டுக்காக வரவில்லை. ஆதிசேது எனப்படும் கடல்துறையில் ஆடி, தை அமாவாசை நாட்களில் நீராடுவது அவர்களது நோக்கம்; காட்டின் நடுவே சில மீட்டர் உயரமே உள்ள மணல்மேடான இராமர் பாதம் மற்றொரு நிறுத்தம். கழிமுகத்தின் தட்டையான நிலத்தில் அச்சிறு மேடும் மலையாகக் கருதப்பட்டு, இராமன் அங்கு நின்று இலங்கையை நோக்கினான் என்ற கதைக்கு இடமாயிற்று. மாலுமிகளுக்கோ இம்முனை ஓர் அடையாளமும் ஓர் அபாயமும். சோழர் காலத்தது என மரபு கூறும் செங்கல் கலங்கரை விளக்கத்தில் எஞ்சியிருந்த பகுதியை 2004 டிசம்பர் ஆழிப்பேரலை கொண்டுபோயிற்று. கல்கியின் பொன்னியின் செல்வன் படித்தவர்கள் பூங்குழலியின் கலங்கரை விளக்கையும் புதைசேற்றையும் தேடி இன்றும் வருகிறார்கள், சேறு கிடைக்கிறது.

காட்டையே காக்கவேண்டிய பொருளாகக் கொள்ளும் எண்ணம் பிந்தியது. சரணாலயம் என்னும் சொல் அடைக்கலம் தரும் இடத்தைக் குறிக்கும். சென்னை மாகாணத்தில் வேடந்தாங்கல் ஊரார் தம் ஏரிப் பறவைகளைச் சுடக்கூடாதென 1798இல் ஆட்சியர் லயனல் பிளேசிடம் உறுதிச்சீட்டுப் பெற்றதும், 1940இல் முதுமலை வனவிலங்குச் சரணாலயம் ஆனதும் இதற்கு முன்னோடிகள். கோடிக்கரைக்கு அத்தகுதி 1967 ஜூன் 13 அன்று கிடைத்தது; காரணம் பறவை அன்று, வெளிமான். திறந்த புல்வெளியில் வாழ்வதால் வெளிமான் எனப்படும் இவ்விலங்கின் ஆணைச் சங்கப் புலவர்கள் இரலை என்றனர். கலை எனவும் வழங்கும் அந்த ஆணுக்கு முறுக்கிய நீண்ட கொம்பும், வயது ஏற ஏறக் கருமை கொள்ளும் முதுகும், வெள்ளை வயிறும் உண்டு. பெண்ணோ கொம்பின்றி மணல் நிறத்தில் இருக்கும். விடியற்காலையில் புல்வெளி ஓரத்தில் அசையாது நிற்பவர், ஒரு கலை தன் எல்லையில் குறிப்பிட்ட ஒரே இடத்திற்கு மீண்டும் மீண்டும் வந்து சாணமிட்டுச் செல்வதைக் காணலாம். அக்குவியல் மற்றக் கலைகளுக்கு விடுக்கும் எச்சரிக்கை. அடுத்த நொடி ஏதேனும் அரவம் கேட்டால் முழுக் கூட்டமும் ஒன்றன்பின் ஒன்றாக, நான்கு காலும் தரையை விட்டெழத் துள்ளும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வெளிமானை முதல் அட்டவணையில் சேர்த்தது.

இவ்விடத்துப் பறவைகளின் பெயரைப் பரப்பியவர் பறவையியலாளர் சலீம் அலி. அவர் சார்ந்திருந்த பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம், வலசைப் பறவைகளைப் பிடித்துக் காலில் எண் பொறித்த உலோக வளையம் பூட்டி விடும் பணியைக் கோடிக்கரையில் பெருமளவில் நடத்தியது. வளையத்தில் எண்ணோடு கழகத்துக்குத் தெரிவிக்குமாறு ஒரு வேண்டுகோளும் இருக்கும். தொலைநாட்டில் யாரேனும் அப்பறவையைக் கண்டெடுத்துத் தெரிவித்தால் பயணப் பாதை துலங்கும். இப்பணிக்குப் பீகாரிலிருந்து மீர்ஷிகார் என்னும் பறவை பிடிக்கும் மரபினர் வரவழைக்கப்பட்டனர் என்பது கவனிக்கத்தக்கது. சந்தைக்கும் சமையலுக்கும் பறவை பிடித்த கை, இறகொன்றும் கசங்காமல் உள்ளானைக் கண்ணியிலிருந்து விடுவித்து ஆய்வாளரிடம் நீட்டிற்று. நூலறிவு வேடரறிவுக்குக் கடன்பட்ட இடம் இது. ஐப்பசி முதல் மாசி வரை பூநாரைக் கூட்டங்களும் சைபீரியப் பகுதிகளிலிருந்து வரும் உள்ளான்களும் இறங்கும் இச்சதுப்பு, காட்டோடும் கழிகளோடும் சேர்த்து 385 சதுர கிலோமீட்டராக, 2002இல் ராம்சர் இடமாயிற்று. ஈரநிலங்களைக் காக்க ஈரான் நாட்டு ராம்சர் நகரில் 1971இல் எழுந்த உடன்படிக்கையின் பட்டியலில் தமிழ்நாட்டின் முதல் இடம் இதுவே.

எனினும் காவலுக்குள்ளேயே சிக்கல் வளர்ந்தது. விறகுக்காகத் தமிழ்நாடெங்கும் பரப்பப்பட்ட சீமைக்கருவேலம் இப்புல்வெளியையும் நெருக்க, வெளிமானுக்கு வேண்டிய வெளி சுருங்கியது. வளர்ப்புக் குதிரைகளின் வழிவந்து காட்டில் திரியும் மட்டக்குதிரைகள் சீமைக்கருவேலத்தின் இனிப்பு நெற்றுகளைத் தின்று சாணத்தின் வழியே விதையை விதைக்கின்றன. வருகையாளர் படமெடுக்க மிக விரும்புவது அக்குதிரைகளைத்தான்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியபோது, பழைய பாலை மரங்கள் பல வேரோடு சாய்ந்தன. கடல்நீர் உள்ளே புகுந்து மான்களையும் குதிரைகளையும் வாரிச் சென்றது. அடுத்த நாட்களில் மான்களின் உடல்கள் வடக்கே காரைக்கால் கடற்கரை வரை மிதந்து வந்து ஒதுங்கியதாகச் செய்திகள் வெளிவந்தன.