முத்துக்குளிப்பும் விபத்துக் கணக்கும்

பெரியபட்டினம் என்ற பெயர் இன்றைக்கு ராமநாதபுரம் மாவட்டத்துக்கு வெளியே பலருக்குத் தெரியாது. கீழக்கரைக்கும் மண்டபத்துக்கும் நடுவே, மன்னார் வளைகுடாவை ஒட்டி இருக்கிற ஊர். ஆனால் 13, 14ஆம் நூற்றாண்டுகளில் இது பெரிய துறைமுகம். 1987ல் தமிழ்ப் பல்கலைக்கழகம் இங்கே அகழாய்வு செய்தபோது சீனப் பீங்கான் துண்டுகள் ஏராளமாகக் கிடைத்தன. இபின் பதூதா எழுதிய 'பத்தன்' துறைமுகம் இதுதான் என்று நொபொரு கராஷிமா போன்ற வரலாற்றாசிரியர்கள் கருதினார்கள்.

பீங்கானைப் பற்றி எழுதியவர்கள் நிறைய பேர். இந்தக் கடலில் இருந்து வெளியே போன சரக்கைப் பற்றி, அதிலும் அதை எடுத்த ஆட்களைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. முத்து, சங்கு, பிற்காலத்தில் பவளப்பாறை... மூன்றும் கடலடியில் கிடப்பவை. யாராவது இறங்கித்தான் எடுக்க வேண்டும். நிலத்துக்கு அடியில் இறங்கினால் அதைச் சுரங்கம் என்கிறோம். அதற்குச் சட்டம் உண்டு, இன்ஸ்பெக்டர் உண்டு, விபத்துப் பதிவேடு உண்டு. கடலுக்கு அடியில் இறங்கியவர்களின் காயத்துக்கு யார் கணக்கு வைத்தார்கள்?

ஆச்சரியம் என்னவென்றால், மிகப் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ முத்துக்குளிப்பை விவரமாக எழுதி வைத்தார். கிடைத்த முத்தில் பத்தில் ஒரு பங்கு ராஜாவுக்கு. இருபதில் ஒரு பங்கு மந்திரவாதிகளுக்கு. பெரிய மீன்கள் குளிப்பவர்களைத் தாக்காமல் வாயைக் கட்டுவது அவர்கள் வேலை. பொழுது சாய்ந்ததும் கட்டை அவிழ்த்துவிடுவார்களாம், ராத்திரியில் திருட்டுத்தனமாக யாரும் இறங்கக் கூடாது என்பதற்காக!

மந்திரம் பலித்ததா என்பதை விட்டுவிடுவோம். இருபதில் ஒரு பங்கு என்றால் 5 சதவீதம். மொத்த வருமானத்தில் 5 சதவீதத்தைத் தொழிலாளியின் பாதுகாப்புக்கு என்று தனியாக எடுத்து வைத்திருக்கிறார்கள். ராஜாவின் வரியில் சரிபாதி. இன்றைய மொழியில் இது இன்சூரன்ஸ் பிரீமியம். ஒரே குறை, பாலிசி முதிர்ந்தாலும் ஆள் செத்தாலும் பணம் மந்திரவாதிக்குத்தான்.

இவர்களுக்குத் தமிழில் 'கடல்கட்டி' என்று பெயர். ஐரோப்பியர்கள் ஆண்ட காலத்திலும் இந்தப் பதவி போகவில்லை. கடல்கட்டி வராமல் குளிப்பவர்கள் தண்ணீரில் இறங்க மாட்டார்கள் என்பதால் அரசாங்கமே ஆள் வைத்துப் பணம் கொடுத்தது. பரம்பரைத் தொழில். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இலங்கையில் அதிகாரியாக இருந்த எமர்சன் டென்னென்ட், தன் காலத்தில் இதைச் செய்தவர் ஒரு கத்தோலிக்கக் கிறிஸ்தவர் என்று வியந்து எழுதினார்.

1797ல் நடந்த முத்துக்குளிப்பை நேரில் பார்த்த லெ பெக் என்பவர் ஒரு விபத்தைக் குறித்திருக்கிறார். சுறா கடித்து ஒருவருக்குக் கால் போய்விட்டது. தலைமைக் கடல்கட்டியைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டார்கள். தன் மீது பகை வைத்திருந்த ஒரு கிழவி மலையாளக் கரையிலிருந்து வந்து எதிர் மந்திரம் போட்டுவிட்டாள், அதனால்தான் இப்படி ஆயிற்று என்றார் அவர். இந்தக் கரையின் தொழில் விபத்துகளில் விசாரணை, பதில் இரண்டும் எழுத்தில் கிடைக்கும் மிகப் பழையவற்றில் இது ஒன்று. பதிலின் போக்கைக் கவனியுங்கள். காப்பாற்றப் பணம் வாங்கியவர் மேல் தவறில்லை, எங்கோ இருந்து வந்த மூன்றாம் ஆள் மேல்தான் தவறு. பின்னாளில் பல ஆலை விபத்து அறிக்கைகளில் கிழவிக்குப் பதிலாக 'தொழிலாளியின் கவனக்குறைவு' வந்து உட்கார்ந்தது.

உண்மையில் சுறா விபத்துகள் பயந்த அளவுக்கு இல்லை என்றுதான் அந்தக் கால அதிகாரிகள் எழுதினார்கள். உடம்பைத் தின்றது வேறு. காலில் கல்லைக் கட்டிக்கொண்டு பத்து, பதினைந்து மீட்டர் ஆழத்துக்கு விறுவிறுவென்று இறங்க வேண்டும். சுமார் ஒரு நிமிடம் மூச்சடக்கிச் சிப்பியை அள்ள வேண்டும். கயிற்றை ஆட்டினால் மேலே இருப்பவர் இழுத்துவிடுவார். ஒரு நாளில் பல தடவை இப்படி. பத்து மீட்டர் ஆழத்தில் காதின் மேல் அழுத்தம் கரையில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு. மேலே வரும்போது மூக்கிலும் காதிலும் ரத்தம் வருவதைப் பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். கயிறு பிடிப்பவர் மச்சானாக இருப்பார், தங்கை தாலி அறுக்கக் கூடாதே என்று பதறி இழுப்பார் என்று கடற்கரை ஊர்களில் சொல்வார்கள். கடல்கட்டியை விட இந்த ஏற்பாடு எவ்வளவோ மேல்.

லாபத்தைப் பார்ப்போம். 1905ல் இலங்கைக் கரையில் நடந்த பிரமாண்டமான முத்துக்குளிப்புக்குக் கீழக்கரை, தொண்டி பக்கங்களில் இருந்தும் ஏராளமானவர்கள் போனார்கள். 8 கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் வந்தன. மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு, ஒரு பங்கு குளித்தவர்களுக்கு. அரசுக்குச் சுமார் 25 லட்சம் ரூபாய் வருமானம். மறு வருடமே 20 வருடக் குத்தகைக்கு ஒரு லண்டன் கம்பெனியிடம் விட்டார்கள். 1907க்குப் பிறகு சிப்பியே இல்லை, கம்பெனியும் மூடப்பட்டது. இந்தியப் பக்கம் தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளித்தது 1955 முதல் 1961 வரை.

முத்து போனது, சங்கு நின்றது. ஆனால் தொழில் மாறியது. பின்னாளில் மூச்சடக்குவதற்குப் பதில் படகில் கம்ப்ரஸரை ஓட்டி, ட்யூப் வழியாகக் காற்றை வாயில் வைத்துக்கொண்டு சங்கு எடுப்பது இந்தக் கடலில் பரவியது. இப்போது ஒரு மணி நேரம்கூடக் கீழே இருக்கலாம். வசதிதானே? இங்கேதான் புதிய ஆபத்து ஆரம்பம்.

அழுத்தத்தில் சுவாசிக்கும்போது காற்றில் உள்ள நைட்ரஜன் ரத்தத்திலும் தசையிலும் கரைந்துகொண்டே போகும். மெதுவாக மேலே வந்தால் மூச்சு வழியாக வெளியேறிவிடும். சட்டென்று வந்தால் கோலி சோடாவை உடைத்த மாதிரி உடம்புக்குள்ளேயே குமிழி கிளம்பும். மூட்டில் என்றால் வலி. தண்டுவடத்தில் என்றால் இடுப்புக்குக் கீழே செயலிழந்துவிடும். ஒரே மூச்சில் போய் வந்த பழைய முத்துக்குளிப்பவருக்கு இந்த நோய் வருவது அபூர்வம்.

இந்த நோய் முதலில் பதிவானது கடலில் அல்ல, நிலக்கரிச் சுரங்கத்தில். பிரான்சில் லுவார் ஆற்றங்கரையில் ஊற்று மணலைத் தாண்டிச் சுரங்கம் வெட்ட, ட்ரீஜே என்ற பொறியாளர் அழுத்திய காற்றை உள்ளே செலுத்தித் தண்ணீரைத் தடுத்தார். ஏழு மணி நேரம் உள்ளே இருந்த இரண்டு தொழிலாளிகளுக்கு வெளியே வந்ததும் கை, முழங்கால் வலி என்று 1841ல் எழுதினார். 1870 வாக்கில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் பாலத்துக்கு அஸ்திவாரம் போட்டபோது இதே நோயில் பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கடைசியில் வழி கண்டுபிடித்தவர் ஜான் ஸ்காட் ஹால்டேன். சுரங்க வெடிவிபத்துகளையும் விஷவாயுவையும் ஆராய்ந்தவர். ஆடுகளை அழுத்த அறையில் அடைத்துச் சோதித்து, எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் இருந்தால் எங்கெங்கே நின்று நின்று ஏற வேண்டும் என்று 1908ல் அட்டவணை போட்டுக் கொடுத்தார்.

அதாவது, கம்ப்ரஸர் மன்னார் வளைகுடாவுக்கு வருவதற்குப் பல பத்து வருடங்களுக்கு முன்பே அட்டவணை தயார். கம்ப்ரஸரை வாங்கிய கை, அட்டவணையை வாங்கவில்லை. அது இலவசம் என்பதால்தானோ என்னவோ.

பவளப்பாறை கதை இன்னும் மோசம். சுண்ணாம்புக் காளவாசல், கார்பைடு, சிமெண்ட் என்று பல தொழில்களுக்குக் கச்சாப் பொருளாக இந்தக் கடலின் பவளப்பாறையைக் கடப்பாரையால் பெயர்த்துப் படகு படகாகக் கொண்டுபோனார்கள். பவளம் கீறிய புண் சீக்கிரம் ஆறாது, உள்ளே துகள் நின்று சீழ் வைக்கும். பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்று இரண்டு தீவுகளே தண்ணீருக்குள் போய்விட்டன. 1986ல் கடல் தேசியப் பூங்கா அறிவிப்பு, 2001ல் பவளத்தையும் கடல் அட்டையையும் எடுக்கத் தடை. இரண்டும் தேவையான நடவடிக்கைகள்தான். ஆனால் தடைக்குப் பிறகும் இறங்கியவர் அடிபட்டால் ஆஸ்பத்திரியில் உண்மையைச் சொல்ல முடியாது. சொன்னால் முதலில் வருவது வழக்கு. தீவு மூழ்கியதைக் கணக்கெடுத்தார்கள், வெட்டியவர்களின் காயத்தைச் சேர்த்துப் பார்க்கிற பதிவேடு கிடையாது.

சட்டமே இல்லையா? இருந்தது. 1924 ஜூலை 1ல் அமலுக்கு வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் தொழில் நோய்களுக்கென்று ஓர் அட்டவணை வைத்திருந்தது. அழுத்திய காற்றில் வேலை செய்வதால் வரும் நோயும் அதில் இடம்பெற்றது. சிக்கல் வேறு இடத்தில். இழப்பீடு கேட்க முதலாளி ஒருவர் வேண்டும். கடற்கரையில் வழக்கம் கூலி அல்ல, பங்கு. படகுக்கு இவ்வளவு, இறங்கியவருக்கு இவ்வளவு. அடிபட்டதும், நீ தொழிலாளி இல்லையப்பா, பங்காளி என்று சொல்லிவிடலாம். 1932ஆம் வருடக் கூட்டாண்மைச் சட்டத்தின் 6ஆம் பிரிவைப் பரீட்சைக்குப் படித்தவர்களுக்கு நினைவிருக்கும்: வேலை செய்தவர் லாபத்தில் பங்கு வாங்குவதால் மட்டும் கூட்டாளி ஆகிவிட மாட்டார். பங்கு என்ற ஒரு சொல்லைக் காட்டி இழப்பீட்டை மறுக்க முடியாது என்று வாதாட இதில் இடம் இருக்கிறது. ஆனால் படுத்த படுக்கையாகக் கிடக்கிற ஒருவர் வக்கீல் பிடித்து இந்தப் பிரிவைச் சொல்லப் போகிறாரா?

ஓரிடத்தில் சொன்னார்கள். மத்திய அமெரிக்காவில் ஹோண்டுராஸ் நாட்டின் மிஸ்கிட்டோ பழங்குடி மக்கள் அமெரிக்காவுக்கு ஏற்றுமதியாகும் சிங்கி இறாலுக்காகக் கடலில் இறங்குபவர்கள். அவர்களுக்கும் மாதச் சம்பளம் கிடையாது, எடுத்த எடைக்குக் காசு. நடக்க முடியாமல் போனவர்கள் ஏராளம். செத்தவர்களும் நடக்க முடியாமல் போனவர்களுமாக 42 பேருக்காக 2004ல் புகார் போனது. அந்தக் கம்பெனிகளைக் கண்காணிக்காமல் விட்டதற்கு அரசாங்கம்தான் பொறுப்பு என்று அமெரிக்க நாடுகளுக்கான மனித உரிமை நீதிமன்றம் 2021 ஆகஸ்டில் தீர்ப்புச் சொன்னது.