அதிர்ச்சியலையும் ஒளி வெப்பமானமும்: ஒரு வரலாற்று நோக்கு

திண்மமொன்றினூடாக வலிமைமிக்க அதிர்ச்சியலை செல்லுங்கால், அதன் அமுக்கம், அடர்த்தி, அகச்சக்தி ஆகியவற்றை அலையினதும் துணிக்கைகளினதும் வேகங்களைக்கொண்டு கணித்துவிடலாம். திணிவு, உந்தம், சக்தி ஆகியவற்றின் காப்பு விதிகளே அதற்குப் போதுமானவை. வெப்பநிலையோ அவ்விதிகளில் நேரடியாக இடம்பெறுவதில்லை. நுண்செக்கனளவில் முடிந்துவிடும் இந்நிகழ்வில் சாதாரண வெப்பமானியாற் பயனில்லை. ஆகவே, வெப்பமுற்ற பொருள் தானே வீசும் ஒளியை ஆய்வாளர் நாடினர். 1900ஆம் ஆண்டில் பிளாங்க் வகுத்த கதிர்வீசல் விதி இம்முயற்சிக்கு அடிப்படையாயிற்று.

1965ஆம் ஆண்டில் சோவியத் பௌதிகவியலாளர் கோர்மரும் அவர்தம் குழுவினரும் சோடியங் குளோரைட்டு, பொற்றாசியங் குளோரைட்டு ஆகிய பளிங்குகளில் 700 கிலோபார் வரையான அமுக்கங்களில் வெப்பநிலையை அளந்து வெளியிட்டனர். இப்பளிங்குகள் ஒளிபுகவிடுபவை, எனவே அலைமுகப்பின் ஒளி, இன்னும் அமுக்கப்படாத பகுதியூடாகக் கருவியை அடைந்தது. அமுக்கம் கூடியும் வெப்பநிலை உயர்வு தளர்ந்த இடத்தில், சக்தியின் ஒரு பகுதி உருகுதலிற் செலவாவதை அவர்கள் இனங்கண்டனர்.

ஒளிச்செறிவு வெப்பநிலையை மட்டுமன்றி, மேற்பரப்பின் காலற்றிறனையும் சார்ந்தது. இவ்விரு கணியங்களையும் பிரித்தறியும்பொருட்டு, பல அலைநீளங்களில் ஒருங்கே அளக்கும் கருவியைக் கலிபோர்னியாத் தொழினுட்பக் கழகத்தில் லைசெங்காவும் ஆரென்சும் அமைத்து 1979இல் விவரித்தனர்.

இரும்பை அளக்க முற்பட்டபோது இடர் மிகுந்தது. உலோகத்தின் மெல்லிய புறப்படையிலிருந்தே ஒளி வெளிவரும்; அப்படை வெளியை அடைந்ததும் அமுக்கம் தளரும். அதனைத் தடுக்க நீலக்கல் போன்ற ஒளிபுகு சாளரம் பொருத்தப்பட்டது. அவ்வாறு செய்யினும், அளக்கப்படுவது இடைமுகத்தின் வெப்பநிலையே. சிறு இடைவெளியும் அங்கு மிகைவெப்பத்தைத் தோற்றுவிக்கும். உட்புற வெப்பநிலையைப் பெறுவதற்கு வெப்பக்கடத்தல் பற்றிய எடுகோள்கள் வேண்டியிருந்தன.

இதன் விளைவைப் புவியியற்பியல் உணர்ந்தது. பூமியின் உட்கோளவக எல்லையிலுள்ள ஏறத்தாழ 330 கிகாபாஸ்கல் அமுக்கத்தில் இரும்பின் உருகுநிலை 7600 கெல்வின் என, அதிர்ச்சிப் பரிசோதனைகளையும் வைரக்கல அளவீடுகளையும் இணைத்து வில்லியம்சு குழுவினர் 1987இல் மதிப்பிட்டனர். நிலையான அமுக்கத்தில் ஆய்ந்த போலர் 1993இல் தந்த மதிப்பு ஏறத்தாழ 4850 கெல்வின். எக்சுக் கதிர்களால் உருகுதலை உறுதிசெய்த அன்செல்லினி குழுவினர் 2013இல் 6230 கெல்வின் என்றனர். அதன் வழுவெல்லை 500 கெல்வின். மூன்றும் தாழ்ந்த அமுக்க அளவீடுகளிலிருந்து நீட்டிப் பெறப்பட்டவையே.

கோளவகத்தின் வெப்பமும் புவிக்காந்தத்தைப் பேணும் சக்தியும் இவ்வெண்ணோடு தொடர்புடையன. ஆதலின், ஒளியின் அளவோடு அவ்வொளி எப்படையிலிருந்து வந்தது, அப்படை எந்நிலையில் இருந்தது என்பவற்றையும் வினவுதல் இத்துறை மாணவரின் முதற்கடனாகும்.