சோதனை உளவியலின் தொடக்கம்: லைப்சிக்கிலிருந்து ஓசூர் சாலை வரை

புலன், நரம்பு, மூளை ஆகியவை இயங்கும் விதத்தைக் கொண்டு மனத்தை ஆராய்வது உடலியல் உளவியல். அந்த ஆராய்ச்சியைக் கருவி வைத்து அளந்து, இன்னொருவரும் செய்து சரிபார்க்கும்படி நடத்துவது சோதனை உளவியல். இரண்டும் 19ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில் ஒன்றாகவே வளர்ந்தன. ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரம் அந்நாளில் சென்னை மாகாணத்தின் சேலம் மாவட்டத்தில் இருந்தது. ஆனால் இத்துறை இப்பகுதியை நெருங்கியது சென்னை வழியாக அல்ல. எல்லைக்கு அப்பால், மைசூர் சமஸ்தானத்தின் வழியாக.

இத்துறைக்கு அடித்தளம் இட்டது கடிகாரம். நரம்பில் செய்தி செல்லும் வேகத்தை அளக்கவே முடியாது என்று உடலியலறிஞர் யோஹான்னஸ் முல்லர் கருதினார். அவருடைய மாணவர் ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1850இல் அளந்து காட்டினார். தவளைக் காலின் நரம்பைத் தசைக்கு அருகே ஒருமுறை தூண்டினார். சற்றுத் தள்ளி மறுமுறை தூண்டினார். தசை சுருங்க எடுத்துக்கொண்ட நேரம் இரண்டாம் முறை சிறிது கூடியது. அந்த நேர வேறுபாட்டையும் இடைத் தூரத்தையும் கொண்டு கணக்கிட்டபோது வேகம் நொடிக்கு ஏறத்தாழ 30 மீட்டர் என்று வந்தது. ஒலியின் வேகத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. உணர்வதற்கும் அசைவதற்கும் நேரம் ஆகிறது என்றால், எண்ணுவதற்கும் நேரம் ஆகவேண்டும் அல்லவா? டச்சு அறிஞர் டோண்டர்ஸ் 1868இல் அதையும் பிரித்துப் பார்த்தார். ஒரே தூண்டலுக்கு ஒரே துலங்கல் தர ஆகும் நேரம், பலவற்றில் ஒன்றைத் தேர்ந்து துலங்க ஆகும் நேரம் இரண்டையும் எடுத்து, பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தார். மீதி நின்றது, மனம் தேர்வு செய்ய எடுத்துக்கொண்ட நேரம். ஆய்வகங்களில் இத்தகைய அளவீட்டுக்குப் பயன்பட்ட கருவி, கடிகாரத் தொழிலாளியான மத்தேயுஸ் ஹிப் வடிவமைத்த குரோனோஸ்கோப். நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கை அது காட்டியது.

எடையை உணர்வது பற்றி எர்ன்ஸ்ட் வேபர் 1830களில் கண்ட உண்மை சமையலறையிலேயே விளங்கும். அரைக் கிலோ அரிசியைக் கையில் ஏந்தியிருக்கும்போது ஒரு பிடி கூடப் போட்டால் கை அறிந்துகொள்ளும். 25 கிலோ சிப்பத்தில் அதே பிடியைப் போட்டால் தூக்குபவருக்குத் தெரியாது. கூடுதலின் அளவைவிட, ஏற்கெனவே உள்ளதற்கு அது எத்தனை பங்கு என்பதே முக்கியம். குஸ்தாவ் ஃபெக்னர் 1860இல் இதைக் கணிதச் சூத்திரமாக்கினார். ஹெல்ம்ஹோல்ட்ஸிடம் உதவியாளராக இருந்த மருத்துவர் வில்ஹெல்ம் வுண்ட் 1874இல் உடலியல் உளவியல் நூலை வெளியிட்டு, 1879இல் லைப்சிக் நகரில் ஆய்வகம் தொடங்கினார். உளவியல் தனித்துறையான ஆண்டாக 1879ஐக் குறிப்பது வழக்கம். ஹெல்ம்ஹோல்ட்ஸின் தவளையை மறந்துவிட்டு அந்த ஆண்டை மட்டும் சொல்வது பாதி வரலாறே.

இந்தியாவில் இதற்கு வழி திறந்தவர் தத்துவப் பேராசிரியரான பிரஜேந்திரநாத் சீல். கல்கத்தாப் பல்கலைக்கழகத்துக்காக 1905இல் சோதனை உளவியல் பாடத்திட்டம் வகுத்தவர் அவர். 1916இல் அங்கே தனித்துறை அமைந்தது. நரேந்திரநாத் சென்குப்தா பொறுப்பேற்றார். சென்குப்தா ஹார்வர்டில் ஹூகோ மூன்ஸ்டர்பெர்கிடம் பயின்றவர். மூன்ஸ்டர்பெர்க் வுண்டின் மாணவர். பெரும்பாலான வரலாறுகள் கல்கத்தாவைச் சொல்லித் தெற்கை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. அது நியாயமில்லை. அதே சீல்தான் 1921இல் மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக வந்தார். 1924இல் அங்கே மகாராஜா கல்லூரியில் உளவியல் துறை உருவானது அவர் காலத்தில்தான்.

துறையைக் கட்டியெழுப்பியவர் எம்.வி. கோபாலசுவாமி. லண்டனில் சார்லஸ் ஸ்பியர்மனிடம் ஆய்வு செய்து திரும்பியவர். ஸ்பியர்மனும் லைப்சிக்கில் வுண்டிடம் முனைவர் பட்டம் பெற்றவரே. கல்கத்தாவுக்கு அமெரிக்கா வழியாகவும் மைசூருக்கு இங்கிலாந்து வழியாகவும் வந்து சேர்ந்தது ஒரே ஆய்வகத்தின் மரபு. கோபாலசுவாமி 1920களின் நடுவில் பிரிட்டிஷ் உளவியல் இதழில் எழுதிய கட்டுரைகள் கை பழகும் திறனைப் பற்றியவை: ஓர் இயக்கத்தை மனிதர் எப்படிக் கற்கிறார், அதில் நுண்ணறிவின் பங்கு என்ன என்பன. அவருடைய ஆர்வம் ஆய்வகத்தோடு நிற்கவில்லை. 1935இல் மைசூரில் தம் வீட்டிலேயே 30 வாட் ஒலிபரப்பியை நிறுவி வானொலி நிலையம் தொடங்கினார். அதன் பெயர் ஆகாசவாணி. பின்னாளில் நாடு முழுவதற்குமான வானொலி தாங்கிய பெயர் அதுவே. சென்னைப் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறை அமைந்தது 1943இல், ஜி.டி. போவாஸ் பொறுப்பில்; மைசூருக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பின்னால்.

மைசூரில் கல்லூரிப் பாடமாக இருந்தது, பெங்களூரில் நோயாளியின் படுக்கையருகே வந்தது. அங்கே 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்தே மனநோயாளிகளுக்கான காப்பகம் இருந்தது. 1925இல் அதற்கு மனநல மருத்துவமனை என்று பெயர் மாற்றினார்கள். பெயர் மாற்றம் சிறிய செயலாகத் தோன்றலாம். அடைத்துவைக்கும் இடம் என்ற நிலையிலிருந்து மருத்துவம் பார்க்கும் இடம் என்ற நிலைக்கு அரசே வந்ததை அது காட்டுகிறது. 1930களில் மருத்துவமனை ஊரின் தென்புறம், ஓசூருக்குச் செல்லும் சாலையில் கட்டிய புதிய வளாகத்துக்கு மாறியது. 1954இல் அதை ஒட்டி அகில இந்திய மனநலக் கழகம் தொடங்கியது. எம்.வி. கோவிந்தசுவாமி அதன் முதல் இயக்குநர். மனநல மருத்துவத்துக்கும் மருத்துவ உளவியலுக்கும் பட்டயப் படிப்புகள் அடுத்த ஆண்டு தொடங்கின. நரம்பையும் மனத்தையும் ஒரே கூரையின் கீழ் படிப்பது என்ற ஹெல்ம்ஹோல்ட்ஸ் காலத்துச் சேர்க்கை, இந்தியாவில் நிலைத்த வடிவம் பெற்ற இடங்களுள் இது முதன்மையானது. 1974இல் மருத்துவமனையும் கழகமும் இணைந்து தேசிய மனநல, நரம்பியல் கழகமான நிம்ஹான்ஸ் ஆயின.

ஓசூரிலிருந்து ஜூஜூவாடி, அத்திப்பள்ளி, மடிவாளா என்று ஏறத்தாழ 35 கிலோமீட்டர் போனால் அந்த வளாகம். கிருஷ்ணகிரி, தருமபுரிக் குடும்பங்கள் வலிப்புக்கும் மனச்சிதைவுக்கும் வைத்தியம் தேடி அதிகாலைப் பேருந்தில் எல்லை கடப்பது இன்றும் நடக்கிறது. அதே சாலையின் இந்தப் பக்கத்தில், 1970களிலிருந்து சிப்காட் தொழிற்பேட்டை வளர்ந்து, 1980களில் டைட்டன் கைக்கடிகார ஆலையும் வந்தது. அங்கே செய்யும் குவார்ட்ஸ் கடிகாரத்தின் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. ஹிப்பின் கருவி பகுத்த நொடியை அதைவிட 32 மடங்குக்கு மேல் நுட்பமாகப் பகுக்கிறது.