மாலிந்தி வாஸ்கோ ட காமா தூண்

கென்யாவின் மாலிந்தி நகரில், விரிகுடாவின் தென்முனையில் கடலுக்குள் நீண்டிருக்கும் பவளப்பாறை மேட்டில் நிற்கிறது வாஸ்கோ ட காமா தூண். பவளக்கல்லால் கட்டி வெள்ளையடித்த கூம்பு; அதன் உச்சியில், லிஸ்பன் பகுதியிலிருந்து கப்பலில் வந்த சுண்ணாம்புக்கல் சிலுவை. ஓங்கிய கோபுரத்தை எதிர்பார்த்து வருபவர்களுக்குச் சற்று ஏமாற்றமாக இருக்கும். இதன் சிறப்பு உயரத்தில் இல்லை, வயதில் இருக்கிறது. ஐரோப்பியர் ஆப்பிரிக்கக் கரையில் விட்டுச்சென்ற மிகப் பழைய சின்னங்களில் இது ஒன்று.

புதிய கரையில் கல்தூண் நடும் போர்த்துக்கீசிய வழக்கத்தை 1480களில் தொடங்கிவைத்தவர் கடலோடி தியோகோ காவோ. அதற்கு முன் மரச்சிலுவைகளை நட்டார்கள். அவை மழையிலும் கடற்காற்றிலும் மட்கிப்போயின. சிலுவையும் போர்த்துக்கல் அரசின் சின்னமும் பொறித்த கல் நின்றுவிட்டால், பின்னால் வரும் எந்த ஐரோப்பியக் கப்பலுக்கும் அது உரிமைப் பத்திரம். அந்தக் கரையில் ஏற்கெனவே ஊரும் அரசும் இருந்ததைப் பற்றி நட்டவர்கள் பெரிதாகக் கவலைப்பட்டதில்லை.

மாலிந்தியின் கதை சற்று வேறு. இங்கே தூண் நிற்க ஊர் அரசரே இடம் கொடுத்தார். இந்தியாவுக்குக் கடல்வழி தேடி 1497 ஜூலையில் லிஸ்பனிலிருந்து புறப்பட்ட போர்த்துக்கீசியர் வாஸ்கோ ட காமா, மொசாம்பிக்கிலும் மொம்பாசாவிலும் மோதிக்கொண்டு, 1498 ஏப்ரல் நடுவில் மாலிந்தி வந்து சேர்ந்தார். மொம்பாசாவுக்கும் மாலிந்திக்கும் நெடுநாள் பகை. அங்கே விரட்டப்பட்டவர்கள் பீரங்கியோடு வந்து நிற்கும்போது அவர்களை நண்பர்களாக்கிக்கொள்வதுதான் லாபம் என்று மாலிந்தி ஆட்சியாளர் கணக்குப் போட்டார். உபசாரத்துக்குப் பின்னால் இருந்தது அசல் அரசியல்.

துறைமுகத்தில் அப்போது இந்திய வணிகர்களின் கப்பல்களும் நின்றன. அவர்களைக் கிறிஸ்தவர்கள் என்றே போர்த்துக்கீசியர் நம்பினார்கள். மரியன்னை படத்தைக் காட்டியதும் அவர்கள் விழுந்து வணங்கியதாகவும், மாட்டிறைச்சி உண்ண மாட்டோம் என்று சொன்னதாகவும் கூட வந்த ஒருவரின் நாட்குறிப்பு பதிவு செய்கிறது. அந்த இரண்டாவது செய்தி ஒன்றே போதும், அவர்கள் இந்துக்கள் என்று நாம் ஊகிக்க.

காமாவுக்கு இங்கே கிடைத்த பெரிய உதவி ஒரு வழிகாட்டி மாலுமி. புகழ்பெற்ற அரபுக் கடலோடி இப்னு மாஜித்தான் அவர் என்ற கதை நெடுங்காலம் சுற்றியது. ஆய்வாளர்கள் பெரும்பாலும் இப்போது அதை ஏற்பதில்லை. போர்த்துக்கீசிய வரலாற்றாசிரியர் பாரோஸ் அவரைக் குஜராத்தி என்றே எழுதுகிறார். ஏப்ரல் 24 அன்று மாலிந்தியை விட்ட கப்பல்கள் பருவக்காற்றோடு அரபிக்கடலைக் கடந்து, மே 20 அன்று கள்ளிக்கோட்டைக்கு அருகே நங்கூரமிட்டன. காமா கண்டுபிடித்ததாகப் பாடப்புத்தகங்கள் சொல்லும் இந்தப் பாதையின் கடைசிப் பகுதி, இந்தியரும் அரபியரும் சுவாகிலி மக்களும் பல நூற்றாண்டுகளாகப் போய்வந்துகொண்டிருந்த பாதைதான்.

உள்ளூர்க் கடலறிவின் மதிப்பு திரும்பும்போது தெரிந்தது. காற்றின் பருவம் பாராமல் அக்டோபரில் இந்தியக் கரையை விட்டதால், அதே கடலைக் கடக்க ஏறக்குறைய மூன்று மாதம் ஆயிற்று. ஈறுகள் வீங்கும் ஸ்கர்வி நோயில் சுமார் முப்பது பேர் இறந்தார்கள். 1499 ஜனவரி 7 அன்று மாலிந்தி வந்ததும் நோயாளிகளுக்கு ஆரஞ்சுப் பழங்கள் கேட்டு வாங்கினார்கள். நட்பின் அடையாளமாகத் தூண் நட அனுமதி கேட்டதும் அந்தச் சில நாள் தங்கலில்தான் என்கிறது நாட்குறிப்பு. ஆகவே பல சுற்றுலாக் கையேடுகள் தரும் 1498 என்ற ஆண்டைவிட 1499 என்பதே பொருத்தம். ஓட்ட ஆளில்லாமல் போன 'சாவோ ரஃபேல்' கப்பலை மாலிந்திக்குத் தெற்கே அவர்களே எரித்துவிட்டார்கள்.

தூண் முதலில் நின்றது இப்போதைய இடத்தில் அல்ல, அரண்மனைக்கு அருகே. முஸ்லிம் நகரின் நடுவில் சிலுவை நிற்பதை மக்கள் விரும்பாததால் அது அகற்றப்பட்டது. பின்னர் 16ஆம் நூற்றாண்டில் கடல்முனைக்கு வந்தது. இன்று காணும் கூம்பு பிற்காலத்தில் கட்டியும் பூசியும் பலப்படுத்தப்பட்டது. ஆதிக் காலத்தது என்று சொல்லத்தக்கது உச்சியிலுள்ள சிலுவை மட்டுமே.

தூணுக்குச் சற்றுத் தொலைவில் போர்த்துக்கீசியரின் சிறு தேவாலயம் ஒன்று உண்டு. 1542இல் கோவாவுக்குப் போகும் வழியில் பிரான்சிஸ் சவேரியார் மாலிந்தியில் இறங்கி, தம் கப்பலில் இறந்த ஒருவரை அடக்கம் செய்தார். அதே ஆண்டு இறுதிக்குள் அவர் முத்துக்குளித்துறைப் பரதவர்களிடையே வந்து சேர்ந்தார். தூத்துக்குடி, மணப்பாடு பக்கத்து வாசகர்களுக்கு இந்த ஊர் அவ்வளவு அந்நியமில்லை.

1593இல் போர்த்துக்கீசியர் மொம்பாசாவில் இயேசு கோட்டையைக் கட்டத் தொடங்கி அங்கேயே குடியேறியதும் மாலிந்தி மங்கியது. இன்று அது கடற்கரைச் சுற்றுலா நகரம். இத்தாலியர் நிறையப் பேர் குடியேறியதால் பீட்சாக் கடைகளுக்குக் குறைவில்லை. மொம்பாசாவிலிருந்து சாலை வழியே சுமார் 120 கிலோமீட்டர். ஊருக்குள் சுற்ற, நம் தெருக்களில் ஓடும் அதே ஆட்டோக்கள் இருக்கின்றன. தூணைப் பராமரிப்பது கென்யத் தேசிய அருங்காட்சியகங்கள் அமைப்பு. கூம்பின் அடியிலுள்ள பாறையை அலைகள் அரித்துவருவதுதான் அவர்களுக்குள்ள தீராத தலைவலி.

மாலிந்தி போகிறவர்கள் தூணை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டாம். தெற்கே சிறிது தூரத்தில், காட்டுக்குள் பவளக்கல் மசூதிகளும் வீடுகளும் சிதைந்து கிடக்கும் கெடி நகரம் இருக்கிறது. 2024இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்ந்த அந்த ஊர், காமா வருவதற்கு முன்பே இந்தக் கரை எவ்வளவு செழிப்பாக இருந்தது என்பதைத் தூணைவிடத் தெளிவாகக் காட்டும்.