இந்தூரின் எருக்குழி

பிழைப்பின் பொருட்டுப் பிறந்த மண்ணைவிட்டு வெளிமாநிலங்களில் வாழும் நமக்குச் சிற்றுண்டிச்சாலை ஓர் உறவினர் வீட்டைப் போன்றது. தில்லியாயினும் கல்கத்தாவாயினும் இலை போட்டுச் சோறு பரிமாறும் இடத்தை நாம் எப்படியோ கண்டுபிடித்துவிடுகிறோம். உண்கிறோம், இலையை மடிக்கிறோம், கையலம்பி வெளியேறுகிறோம். அந்த இலையும், அதில் மிஞ்சிய சோறும், சமையற்கட்டில் சீவிய தோலும் பிறகு எங்கே செல்கின்றன என்று நாம் கேட்பதில்லை. அக்கேள்விக்கு இந்நாட்டில் ஒரு நூற்றாண்டு வரலாறு உண்டு.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு ஒரு சொல் இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. ‘வேஸ்ட்’ என்னும் ஆங்கிலச் சொல் வீணாய்ப் போனதைக் குறிக்கும். நம் சிற்றூர்களிலோ ‘குப்பை அடித்தல்’ என்றால் வண்டியில் எருவை ஏற்றி வயலுக்குக் கொண்டுசெல்லுதல் என்று பொருள். அங்கே குப்பை வீணன்று; அடுத்த விளைச்சலுக்கு வைத்த முதல். இவ்வுண்மையை ஆய்வுக்கூடத்தின் மொழியில் எழுதிக் காட்டிய இடம் இந்தூர்.

1905-ஆம் ஆண்டில் ஆல்பர்ட் ஹோவர்ட் என்னும் ஆங்கிலேயத் தாவரவியலார் பீகாரிலுள்ள பூசா ஆராய்ச்சி நிலையத்தில் பணியேற்றார். பயிர்நூல் கற்பிக்க வந்தவர், உழவர்களையே தம் ஆசிரியர்களாகக் கொண்டார். 1924-இல், ஹோல்கர் மன்னரின் தலைநகராயிருந்த இந்தூரில் பயிர்த்தொழில் ஆராய்ச்சிக் கழகம் தோன்றியது. 1931 வரை அதன் தலைவராக விளங்கியவர் ஹோவர்ட். அவருக்குத் துணைநின்றவர் யஷ்வந்த் வாட் என்னும் வேதியியலார். இருவரும் சேர்ந்து எழுதிய நூல் 1931-இல் வெளிவந்தது. சீனத்திலும் ஜப்பானிலும் நம் நாட்டிலும் உழவர்கள் தொன்றுதொட்டு அறிந்திருந்ததை இவர்கள் அளந்தும் ஒழுங்குபடுத்தியும் ‘இந்தூர் முறை’ என்னும் பெயரில் உலகுக்கு அளித்தனர்.

அம்முறை எளிது. காய்ந்த சருகு, களை, வைக்கோல் ஆகியவற்றை ஓர் அடுக்காகவும், சாணமும் மாட்டுத் தொழுவத்து ஈரமண்ணும் சிறிது சாம்பலும் மற்றோர் அடுக்காகவும் பரப்பி நீர் தெளிக்க வேண்டும். பருத்திமாறு, துவரைமாறு போன்ற வன்மையான தண்டுகளை இந்தூரில் பண்ணைச் சாலையில் பரப்பிவிடுவார்களாம். வண்டிச் சக்கரங்கள் அவற்றை நசுக்கித் தந்துவிடும்! குவியலினுள் எழும் வெப்பம் தொடக்கத்தில் ஏறக்குறைய 65 பாகை வரை உயரும். காற்றுப் புகும்படி இடையிடையே புரட்டிவிட்டால் மூன்று திங்களில் மண்ணின் மணம் கமழும் கரிய எரு கிடைக்கும்.

இதன் நுட்பம் ஒரு கணக்கில் அடங்கியுள்ளது. கரிச்சத்து 33 பங்குக்கு வெடியச்சத்து ஒரு பங்கு என்ற அளவில் கலவை தொடங்குவது நலம் என்று ஹோவர்ட் கண்டார். காய்ந்த சருகில் கரி மிகுதி. தனியே விட்டால் மக்க நெடுநாள் பிடிக்கும். சமையலறை மிச்சத்தில் வெடியமும் ஈரமும் மிகுதி; தனியே விட்டால் காற்றின்றி அழுகி நாற்றமெடுக்கும். இரண்டும் கூடினால் ஒன்றின் குறையை மற்றொன்று தீர்க்கும்.

விரைவில் இவ்வறிவு வயலிலிருந்து நகரத்துக்கும் வந்தது. குடியிருப்புக் கழிவுகளை இந்தூர் முறையில் எருவாக்குவது குறித்து ஜாக்சனும் வாடும் 1934-இல் எழுதினர். பெங்களூர் இந்திய அறிவியற் கழகத்தில் சி. என். ஆச்சார்யா, குழியை நிரப்பி மண்ணால் மூடிவிடும் வேறொரு முறையை வகுத்தார். புரட்டும் உழைப்பு அதில் இல்லை. ஆனால் எரு முதிர ஆறு முதல் எட்டுத் திங்கள் காத்திருக்க வேண்டும்.

பின்னர் ஏன் தளர்ந்தோம்? இரசாயன உரம் மலிந்தது. நகரத்து எருவை நாடுவோர் குறைந்தனர். பிளாஸ்டிக்கும் கண்ணாடியும் குப்பையிற் கலந்தன. 1970-களில் பெருநகரங்களில் எழுந்த எந்திர எருச்சாலைகளுள் பல, கலப்படக் குப்பையை விழுங்க மாட்டாமல் நின்றுபோயின. எஞ்சியது குப்பைமலை. 1984-இல் தொடங்கிய தில்லி காஸிப்பூர்க் கிடங்கின் ஒரு பகுதி 2017 செப்டம்பரில் சரிந்து விழுந்தது, இருவர் மாண்டனர். நாம் மடித்து எறிந்த இலைக்கும் அம்மலையில் ஒரு பங்கு உண்டு.

2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், நாளொன்றுக்குச் சராசரியாக 100 கிலோவுக்கு மேல் கழிவு தருவோரைப் பெருங்கழிவாளர் என வகுத்தன. உணவகங்கள் மக்கும் கழிவைப் பிரித்து, இயன்றவரை தம் வளாகத்திலேயே எருவாகவோ எரிவாயுவாகவோ மாற்ற வேண்டும் என்றன. தோட்டக் கழிவை எரிப்பதைத் தடுத்தன.

நாம் முன்னொரு காலத்தில் பணிபுரிந்த அலுவலக வளாகம் ஒன்றில் ஒரு காட்சியைக் கண்டதுண்டு. பின்கட்டில் சிற்றுண்டிச்சாலையின் மிச்சம் நாறிக்கொண்டிருக்கும். முன்கட்டில் தோட்டக்காரர் வேப்பஞ்சருகைக் கூட்டிக் கொளுத்திக்கொண்டிருப்பார். ஒன்றுக்கொன்று மருந்தான இரண்டு பொருள்கள், நூறு அடி தொலைவில் தனித்தனியே பாழாயின. நாமும் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்து சென்றோமேயன்றி, இரண்டையும் ஓரிடத்தில் சேர்க்கலாமே என்று ஒரு சொல் சொன்னோமில்லை.

இந்தூர் நகரம் தன் பழைய பாடத்தை மறுபடி படித்தது. வீடுதோறும் கழிவைப் பிரித்து வாங்கும் முறையை நிலைநாட்டி, 2017 முதல் 2023 வரை நாட்டின் தூய நகரமெனத் தொடர்ந்து ஏழு முறை முதலிடம் பெற்றது. ஏழாம் முறை அப்பெருமையைச் சூரத்தும் பகிர்ந்துகொண்டது. 2022 பிப்ரவரியில் நாளொன்றுக்கு 550 டன் ஈரக்கழிவைக் கொள்ளும் எரிவாயு ஆலை அங்கே திறக்கப்பெற்றது. அன்று எருக்குழி, இன்று ஆலை. இரண்டுக்கும் அடிப்படை பிரித்து வைக்கும் கையே.

உணவகம் நடத்தும் நம்மவர்கள் பலர். அலுவலகச் சிற்றுண்டிச்சாலைகளில் உண்போர் அதனினும் பலர். ஈரக்கழிவுக்கு ஒரு தொட்டி, சருகுக்கு ஒரு மூலை, புரட்ட ஓர் ஆள். தொடங்குவதற்கு இவ்வளவே போதும். அடுத்த முறை இலையை மடிக்கும்போது, அது எங்கே போகிறது என்று முதலாளியிடம் ஒரு வார்த்தை கேட்போம். நூறு அடி தொலைவில் சருகு எங்கேனும் எரிகிறதா என்றும் பார்ப்போம்.