மறுசோதனைத் திட்டம்: புற்றுநோய் உயிரியல்

மறுசோதனைத் திட்டம்: புற்றுநோய் உயிரியல் என்பது, சக மதிப்பாய்வுக்குப் பின் ஆய்விதழ்களில் வெளியான புற்றுநோய் ஆய்வு முடிவுகளை வேறு ஆய்வகங்களில் மீண்டும் செய்து சரிபார்த்த கூட்டு முயற்சி ஆகும். அமெரிக்காவின் திறந்த அறிவியல் மையமும் சயன்ஸ் எக்ஸ்சேஞ்ச் நிறுவனமும் இணைந்து 2013 ஆம் ஆண்டு இதனைத் தொடங்கின. இதன் இறுதி முடிவுகள் 2021 டிசம்பரில் ஈலைஃப் என்னும் ஆய்விதழில் வெளியாயின.

பின்னணி

ஓர் ஆய்விதழுக்கு வரும் கட்டுரையை, அவ்வாய்வில் பங்கு பெறாத அதே துறை அறிஞர்கள் படித்துக் குறைநிறைகளைக் கூறுவது சக மதிப்பாய்வு எனப்படும். மதிப்பாய்வாளர்கள் ஆய்வு முறைகளையும் தரவுகளையும் வாதங்களையும் ஆராய்வர். சோதனைகளைத் தாமே செய்து பார்ப்பதில்லை. எனவே, ஒரு கட்டுரை ஏற்கப்பட்டது என்பதால் மட்டும் அதன் முடிவு பிற ஆய்வகங்களிலும் கிடைக்கும் என்று கொள்ள இயலாது. புதிய மருந்துகளுக்கான முயற்சிகள் பலவும் இத்தகைய முடிவுகளை நம்பியே தொடங்குவதால், இது நோயாளிகளையும் பாதிக்கக்கூடியதாகும்.

லீ எல்லிஸும், ஆம்ஜென் மருந்து நிறுவனத்தில் முன்னர்ப் பணியாற்றிய கிளென் பெக்லியும் 2012 இல் நேச்சர் இதழில் எழுதிய கட்டுரை இச்சிக்கலைப் பரவலாக அறியச் செய்தது. ஆம்ஜென் சரிபார்க்க முயன்ற 53 முக்கிய ஆய்வுகளில் 6 மட்டுமே உறுதிப்பட்டன என்று அதில் கூறப்பட்டது. எனினும், அவ்வாய்வுகள் எவை என்பது வெளியிடப்படவில்லை. மாறாக, மறுசோதனைத் திட்டம் தான் எடுத்துக்கொண்ட கட்டுரைகளையும் தன் தரவுகளையும் வெளிப்படையாக வைத்தது.

செயல்முறை

2010 முதல் 2012 வரை வெளியாகிப் பெரிதும் கவனம் பெற்ற 53 கட்டுரைகளிலிருந்து 193 சோதனைகள் தேர்ந்தெடுக்கப்பட்டன. பணி பின்வரும் படிகளில் நடந்தது:

1. சோதனைத் திட்டம் விரிவாக எழுதப்பட்டு, மூல ஆய்வாளர்களின் கருத்து கேட்கப்பட்டது.
2. சோதனை தொடங்கும் முன்பே அத்திட்டம் ஈலைஃப் இதழில் சக மதிப்பாய்வு செய்யப்பட்டு வெளியானது.
3. சோதனையின் முடிவு, மூல ஆய்வுக்குச் சாதகமானாலும் பாதகமானாலும் வெளியிடப்பட்டது.

இடர்ப்பாடுகள்

193 சோதனைகளில் ஒன்றைக்கூடக் கட்டுரையில் தரப்பட்ட விவரங்களை மட்டும் கொண்டு முழுமையாகத் திட்டமிட முடியவில்லை. புள்ளியியல் கணக்கீட்டுக்குத் தேவையான தரவுகள் 4 சோதனைகளுக்கு மட்டுமே பொதுவில் கிடைத்தன. 41 விழுக்காடு சோதனைகளில் மூல ஆய்வாளர்கள் பெரிதும் உதவினர். 32 விழுக்காட்டில் உதவி எதுவும் கிடைக்கவில்லை. இத்தகைய காரணங்களால் 23 கட்டுரைகளைச் சேர்ந்த 50 சோதனைகளே நிறைவு பெற்றன.

முடிவுகள்

மறுசோதனைகளில் காணப்பட்ட விளைவுகளின் அளவு, மூல ஆய்வுகளில் இருந்ததைவிட இடைநிலை அளவில் 85 விழுக்காடு குறைவாக இருந்தது. ஒன்றுக்கு மேற்பட்ட அளவுகோல்களைக் கொண்டு மதிப்பிட்டபோது, 46 விழுக்காடு விளைவுகள் தோல்வியைவிடக் கூடுதலான அளவுகோல்களில் வெற்றி பெற்றன.

வரம்புகள்

இத்திட்டம் உயிரணுக்களிலும் எலிகளிலும் செய்யப்படும் தொடக்கநிலை ஆய்வுகளையே எடுத்துக்கொண்டது. நோயாளிகளிடம் நடத்தப்படும் மருத்துவச் சோதனைகள் இதில் அடங்கா. கட்டுரைகள் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்படாததால், இவ்விழுக்காடுகளைப் புற்றுநோய் ஆய்வு முழுமைக்கும் பொருத்த இயலாது. மேலும், ஒரு மறுசோதனை தோல்வியுற்றது என்பதால் மூல ஆய்வு தவறு என்றோ மோசடி என்றோ ஆகிவிடாது. உயிரணு வகை, வேதிப்பொருள், செய்முறை ஆகியவற்றில் உள்ள சிறு வேறுபாடும் முடிவை மாற்றக்கூடும். அவ்வேறுபாடுகளைக் கண்டறிய வேண்டுமாயின், முழுமையான செய்முறையும் தரவுகளும் கட்டுரையுடன் வெளியாதல் இன்றியமையாதது.

இவற்றையும் பார்க்க

- சக மதிப்பாய்வு
- அறிவியல் முறை
- திறந்த அறிவியல்
- புற்றுநோய்