வாக்குறுதியிலிருந்து தீர்ப்புக்கு: விக்கிப்பீடியாவின் தொகுப்புப் பெட்டி எச்சரிக்கையும் புதுப்பயனர் விதிகளும்

ஆங்கில விக்கிப்பீடியாவில் புதுப்பயனர்கள் ஏன் நிலைப்பதில்லை என்ற கேள்விக்கு ஆய்வாளர்கள் அதிகம் சுட்டும் விடை, ஆரன் ஹாஃபேக்கரும் அவருடைய மூன்று சக ஆய்வாளர்களும் 2013இல் வெளியிட்ட கட்டுரையில் இருக்கிறது. முனைப்பான பயனர்களின் எண்ணிக்கை 2007இல் உச்சம் தொட்டுச் சரிந்ததை அவர்கள் ஆராய்ந்தார்கள். தளம் புகழ்பெற்றதும் விஷமத் தொகுப்புகள் பெருகின, அவற்றைச் சமாளிக்க ஹகிள் போன்ற அரைத் தானியங்கிக் கருவிகளும் குளூபாட் போன்ற தானியங்கிகளும் வந்தன, அந்த வலையில் நல்லெண்ணத்தோடு வந்தவர்களும் சிக்கினார்கள், விதிகளும் இறுகிப்போயின. இதுதான் அவர்கள் வாதம். கவனமான ஆய்வு, அதன் எண்களை நான் மறுக்கவில்லை. எண்களுக்கு அவர்கள் கற்பிக்கும் காரணத்தைத்தான் மறுக்கிறேன்.

அவர்களின் அளவுகோலில் முன்னிற்பது ஒரு செய்தி: புதியவரின் தொகுப்பு மீளமைக்கப்பட்டதா, இல்லையா. ஏன் மீளமைக்கப்பட்டது என்பது பின்னுக்குப் போய்விடுகிறது. ஆனால் சான்று இல்லை என்று நீக்குவதும், வேறிடத்திலிருந்து படியெடுத்தது என்று நீக்குவதும் ஒன்றல்ல. முன்னதற்குப் பயனர்களுக்கிடையிலான விவாதம் மூலம். பின்னதற்கு உரிமம் மூலம். இரண்டையும் ஒரே கணக்கில் அடைத்தால் 2007க்கு முந்தைய வரலாறு பார்வையிலிருந்து மறைந்துவிடுகிறது.

2001 ஜனவரியில் தொடங்கிய விக்கிப்பீடியா, குனூ தளையறு ஆவண உரிமத்தை ஏற்றது. யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். அப்படித் திறந்துவிட்ட உரையில் ஒரு பத்தி களவுப் பத்தியாக இருந்தால், அதை எடுத்தாளும் ஒவ்வொருவரும் சிக்கலில் மாட்டுவார்கள். ஆகவே பதிப்புரிமைக் கண்டிப்பு புகழுக்குப் பிறகு வந்த பாதுகாப்பு ஏற்பாடு அல்ல. உரிமத்தோடு கூடப் பிறந்தது.

இதற்கு நான் முன்வைக்கும் சான்று, பயனர்கள் நாள்தோறும் பார்த்தும் படிக்காத ஒரு வாசகம்: தொகுப்புப் பெட்டியின் கீழுள்ள எச்சரிக்கை. அதன் மூன்று வடிவங்களை வரிசைப்படுத்தலாம்.

மீடியாவிக்கி மென்பொருளின் தொடக்ககாலச் செய்திக் கோப்பில் உள்ளது முதல் வடிவம். உங்கள் எழுத்தைப் பிறர் இரக்கமின்றித் திருத்துவதையும் விருப்பம்போல் பரப்புவதையும் ஏற்க முடியாவிட்டால் இங்கே இடாதீர்கள் என்கிறது. இதை நீங்களே எழுதினீர்கள், அல்லது பொது உரிமையிலுள்ள படைப்பிலிருந்து படியெடுத்தீர்கள் என்று எங்களுக்கு உறுதியளிக்கிறீர்கள் என்றும் சொல்கிறது. அனுமதியின்றிப் பிறர் படைப்பை இடாதீர்கள் என்ற கடைசி வரி முழுவதும் பெரிய எழுத்துகளில் இருக்கிறது.

இரண்டாவது வடிவம், உரிமத்தோடு ஒத்துப்போகாத உரையைப் பிற தளங்களிலிருந்து படியெடுக்காதீர்கள், அது நீக்கப்படும் என்கிறது. மூன்றாவதில் அடுத்தடுத்து இரண்டே வரிகள்: பதிப்புரிமையை மீறும் உள்ளடக்கம் நீக்கப்படும், கலைக்களஞ்சிய உள்ளடக்கம் மெய்யறிதன்மை (சான்றைக் கொண்டு சரிபார்க்கக்கூடிய தன்மை) உடையதாக இருக்க வேண்டும்.

முதல் வடிவத்தில் ‘நீங்கள்’ இருக்கிறீர்கள், ‘நாங்கள்’ இருக்கிறோம், இடையே ஒரு வாக்குறுதி இருக்கிறது. படியெடுப்பதற்கும் நேர்மையான வழி உண்டு என்று அது புதியவருக்குக் காட்டுகிறது. அது வெற்றுச் சலுகையும் அல்ல. பிரிட்டானிக்காவின் 1911ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து ஏராளமான கட்டுரைகள் அப்போது அப்படித்தான் வந்து சேர்ந்தன. மூன்றாம் வடிவத்தில் ஆளே இல்லை. உள்ளடக்கம் இருக்கிறது, தீர்ப்பு இருக்கிறது. படியெடுக்கலாம் என்ற வழி சொல்லாமலே மறைந்துவிட்டது.

மெய்யறிதன்மை வரி எப்போது நுழைந்தது? அந்தக் கொள்கைப் பக்கமே 2003 ஆகஸ்டில்தான் உருவானது. எனவே அதற்கு முன் இருந்திருக்க முடியாது. 2005க்கும் 2007க்கும் இடைப்பட்டது என்பது என் கருத்து; மாதத்தை உறுதிசெய்ய மாட்டேன். இந்தக் கணிப்புக்கு நீக்கல் விதிகள் துணை நிற்கின்றன. அப்பட்டமான பதிப்புரிமை மீறலை விவாதமின்றி உடனே நீக்கலாம் என்ற ஏ8 விதி 2005இல் வந்தது. அப்போது அது கட்டுரைகளுக்கு மட்டுமே பொருந்தியது; வணிகத் தளத்திலிருந்து எடுத்ததாக இருக்க வேண்டும், பக்கம் 48 மணி நேரத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனைகளும் இருந்தன. அடுத்த ஆண்டே அது எல்லாப் பக்கங்களுக்கும் பொருந்தும் ஜி12 ஆயிற்று. அதாவது, உச்சத்துக்கு முன்பே விதியின் மொழி மாறிவிட்டது. ஹகிள் 2008இல் வந்தது. மாறிய மொழியைக் கருவி பின்னர் நடைமுறைப்படுத்தியது என்பதே பொருந்தும். கருவி மொழியை மாற்றியது என்று சொல்லக் கால வரிசை இடம் தரவில்லை.

2005 நவம்பரில் வெடித்த ஸீகன்தாலர் விவகாரத்தை எதிர்வாதமாகக் காட்டலாம். கென்னடி கொலைகளோடு அந்த மூத்த இதழாளரைத் தொடர்புபடுத்திய பொய், அவரைப் பற்றிய கட்டுரையில் நான்கு மாதத்துக்கு மேல் கிடந்தது. அதையடுத்துக் கணக்கில்லாதவர்கள் புதுப் பக்கம் தொடங்குவது நிறுத்தப்பட்டது. சான்று விதி கூர்மை பெற்றதில் அதற்குப் பெரும் பங்குண்டு. இங்கே ஹாஃபேக்கர் குழுவின் விளக்கம் வலுவாகவே நிற்கிறது. ஆனால் ‘மேற்கோள் தேவை’ வார்ப்புரு அவ்வாண்டு ஜூனிலேயே புழக்கத்துக்கு வந்துவிட்டது. பதிப்புரிமை விதிக்கோ அந்த விவகாரத்தோடு தொடர்பே இல்லை.

இரு விதிகளும் ஒரே வாசலில் சேர்ந்ததால் புதியவருக்கு நேர்ந்ததைச் சொல்லியாக வேண்டும். சான்று காட்டு என்றதும் அவர் நூலைத் திறக்கிறார்; நூலின் வாக்கியத்தையே இடுகிறார்; பதிப்புரிமை மீறல் என்று நீக்கப்படுகிறது. தகவலுக்குப் பதிப்புரிமை இல்லை, சொன்ன விதத்துக்கே உண்டு என்பதை அந்த இரண்டு வரிகளும் அவருக்குச் சொல்வதில்லை. படியெடுத்த பத்தி வெகுநாள் கழித்துச் சிக்கினால் நிலைமை இன்னும் மோசம். அது நுழைவதற்கு முந்தைய நிலைக்குப் பக்கத்தைத் திருப்ப நேரும்போது, அதன்மேல் மற்றவர்கள் நேர்மையாகச் செய்த திருத்தங்களும் சேர்ந்தே போகின்றன. அந்த இழப்பு கண்ணெதிரே இருப்பதால்தான் பழைய பயனர்கள் இந்த விதியில் கடுமை காட்டுகிறார்கள். அதைக் குழுமனப்பான்மை என்று மட்டும் படிப்பது அவர்களுக்குச் செய்யும் அநீதி.

ஆங்கிலத்திலிருந்து தமிழ் விக்கிப்பீடியாவுக்கு மொழிபெயர்ப்பவர்களையும் இந்த உரிமக் கடமை தொடர்கிறது: மூலப் பக்கத்தைத் தொகுப்புச் சுருக்கத்தில் குறிக்க வேண்டும். 2009இல் படைப்பாக்கப் பொதும உரிமத்துக்கு மாறிய பின்னும், இணைப்புக் கொடுத்தாலே போதும் என்று முறை எளிதாயிற்றே தவிர, மூல ஆசிரியர்களுக்கு உரியதைத் தரும் கடமை அப்படியே இருக்கிறது. கட்டுரைகளை நேரடியாகத் தொடங்கும் உரிமையை ஆங்கில விக்கிப்பீடியா 2018இல் தானாக உறுதியளிக்கப்பட்ட பயனர்களுக்கு மட்டும் என்று வரையறுத்தது. அப்போதும் தொகுப்புப் பெட்டியின் கீழே நின்றவை மூன்றாம் வடிவத்தின் வழிவந்த வரிகள்தாம். முதல் வடிவத்தின் வாக்குறுதி அங்கே திரும்பி வரவில்லை.